எரேமியா 29:11-ம் அதற்கு முந்தின பத்து வசனங்களும்

கேள்வி கேட்டிருக்கும் சகோதரியின் நிலைமை சுருக்கமாக இது. தெற்கே சொந்த ஊரில் கணவருக்கு இருந்த வேலை போய்விட்டது. தெரிந்தவர் ஒருவர் மூலம் கிடைத்த சின்ன வேலைக்காகக் குடும்பத்தோடு ஓசூர் வந்து வாடகை வீட்டில் இருக்கிறார்கள். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் அவர் கைக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. ஜெபக்கூட்டம் ஒன்றில் ஒரு ஊழியர், "மூன்று மாதத்தில் பழைய வேலையே திரும்பக் கிடைக்கும், கர்த்தர் சொல்லுகிறார்" என்று தீர்க்கதரிசனமும் சொல்லிவிட்டார். மூன்று மாதம் தாண்டிவிட்டது. "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்கிறார்கள். கணவர் சபைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். சகோதரி கேட்பது: அந்த வசனம் எங்களுக்கு உண்டா இல்லையா? ஊருக்குத் திரும்புவோம் என்று நம்பிப் பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்க்காமல் இருக்கிறோம், அது சரியா? இந்த நிலையில் கடவுளை நம்புவது என்றால் என்னதான் செய்வது?

சகோதரி, உங்கள் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அந்த அட்டையில் அச்சான வசனம் இருக்கிற அதிகாரத்திலேயே இருக்கிறது. அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கும், அதில் தப்பில்லை. ஆனால் இந்த வசனத்துக்கு முன்னால் இருக்கும் பத்து வசனங்களைப் படிக்காமல் இதைப் பிடித்துக்கொண்டால், அது சொல்வதற்கு நேர் எதிரான ஒன்றை நாம் நம்பிக்கொண்டிருப்போம். நம் சபைகளில் அதுதான் அதிகம் நடக்கிறது.

முதலில் வசனத்தையே பார்ப்போம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

இது ஒரு கடிதத்தில் வருகிற வரி. எருசலேமில் இருந்த எரேமியா, பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட தன் ஜனங்களுக்கு எழுதிய கடிதம். கி.மு. 597-ம் வருஷம் மார்ச் மாதம் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைப் பிடித்தது. தேதி உட்பட அது பாபிலோனியரின் சொந்த நாளாகமக் களிமண் பலகையில் பதிவாகியிருக்கிறது. அப்போது யூதாவின் ராஜா எகொனியா. யோயாக்கீன் என்றும் இவருக்குப் பெயர் உண்டு. இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தின்படி பதினெட்டு வயது, ஆண்டது மூன்றே மாதம். அவரையும், அவர் தாயையும், பிரபுக்களையும், தச்சரையும், கொல்லரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். கைத்தொழில் தெரிந்தவர்களையும் படித்தவர்களையும் தேடிப் பிடித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பின்னால் தீர்க்கதரிசியான எசேக்கியேலும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பாதை ஐப்பிராத்து நதியைச் சுற்றிக்கொண்டு போகும். பிற்காலத்தில் எஸ்றா என்ற ஆசாரியர் அதே வழியில் திரும்பி வர நான்கு மாதம் பிடித்தது என்று அவருடைய புத்தகம் சொல்கிறது. எஸ்றா விருப்பப்பட்டு நடந்தவர். இவர்கள் அப்படி அல்ல.

ஆக, கடிதத்தை வாங்கிப் படித்தவர்கள் வேலை, வீடு, நிலம், ஆலயம் எல்லாம் போய், பாஷை புரியாத ஊரில் வாய்க்கால் கரைகளில் குடிவைக்கப்பட்டவர்கள். அவர்கள் மனதில் ஒரே கேள்விதான் இருந்திருக்கும்: எப்போது திரும்புவோம்?

அந்தக் கேள்விக்கு ஊரில் ஏற்கெனவே ஒருவர் பதில் சொல்லிவிட்டார். அதுவும் மிக இனிப்பான பதில். முந்தின அதிகாரத்தைப் பாருங்கள். கிபியோன் ஊர்க்காரரான அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க எழுந்து நின்று, "இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும், ஆலயத்துப் பாத்திரங்கள், எகொனியா ராஜா, சிறைப்பட்டுப்போனவர்கள் எல்லோரும் வருவார்கள், கர்த்தர் சொல்லுகிறார்" என்று அறிவித்தார். எகொனியாவுக்குப் பிறகு ராஜாவான சிதேக்கியா ஆண்ட நாலாம் வருஷம், ஐந்தாம் மாதம் என்று தேதியோடு எழுதியிருக்கிறது. எரேமியா அப்போது கழுத்தில் ஒரு நுகத்தை மாட்டிக்கொண்டு நடமாடிக்கொண்டிருந்தார், பாபிலோனின் ஆட்சிக்கு அடங்கித்தான் ஆகவேண்டும் என்பதற்கு அடையாளமாக. அனனியா அதைக் கழற்றி எல்லார் முன்னாலும் உடைத்துப்போட்டார். எத்தனை ஆமென் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

எரேமியாவும் ஆமென் சொன்னார் என்பதுதான் பலர் கவனிக்காத விஷயம். 28:6-ல் இருக்கிறது. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். கிண்டல் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரும் அந்த ஜனத்தில் ஒருவர், அவருக்கும் அவர்கள் திரும்பி வரவேண்டும் என்ற ஆசை உண்டு. ஆனால் சமாதானம் வரும் என்று சொல்கிற தீர்க்கதரிசியை, அந்த வார்த்தை நடந்த பிறகுதான் கர்த்தர் அனுப்பினவர் என்று அறியமுடியும் என்று சேர்த்துச் சொல்லிவிட்டு, நுகம் உடைந்த பிறகு பேசாமல் தன் வழியே போய்விட்டார். அப்புறம்தான் கர்த்தருடைய வார்த்தை அவருக்கு வந்தது, எரேமியா திரும்பி வந்து, "கர்த்தர் உன்னை அனுப்பவில்லை" என்று அனனியாவின் முகத்துக்கு நேராகச் சொன்னார். அனனியா அதே வருஷம் ஏழாம் மாதத்தில் இறந்துபோனார்.

உங்களுக்கு "மூன்று மாதம்" சொன்னவரைப் பற்றி நான் வேறெதுவும் சொல்லப்போவதில்லை. அவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னது நடக்கவில்லை என்றால் பாரம் சொன்னவர் மேல் விழவேண்டும், கேட்டவர் மேல் அல்ல. உபாகமம் 18-ம் அதிகாரத்தின் கடைசி வசனங்களில் இதற்குச் சட்டமே இருக்கிறது: கர்த்தரின் நாமத்தில் ஒருவன் சொன்னது நடக்காமற்போனால் அது கர்த்தர் சொன்னது அல்ல. "கேட்டவர்களுக்கு விசுவாசம் போதாததால் நடக்கவில்லை" என்ற மூன்றாவது வழி அந்தப் பகுதியில் இல்லை. யார் உங்களிடம் அப்படிச் சொன்னாலும் அந்தப் பகுதியைத் திறந்து காட்டுங்கள்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். சிதேக்கியா ராஜா பாபிலோனுக்கு அனுப்பிய அரசாங்கத் தூதர்கள் இரண்டு பேர் கையில் எரேமியா இதைக் கொடுத்தனுப்பினார். ஒருவர் சாப்பானின் மகன், மற்றவர் இல்க்கியாவின் மகன். சாப்பான் குடும்பம் எரேமியாவுக்குக் கடைசிவரை துணை நின்ற குடும்பம். 26-ம் அதிகாரத்தில் ஜனங்கள் அவரைக் கொல்லப் பார்த்தபோது காப்பாற்றியவர் சாப்பானின் மகன் அகீக்காம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கண்ணீரின் தீர்க்கதரிசி என்று நாம் சொல்கிற எரேமியா தனியாகத் தாக்குப்பிடித்தவர் அல்ல. அவருக்கு எழுத்தர் பாருக்கு இருந்தார், இந்தக் குடும்பம் இருந்தது, சேற்றுக் குழியில் இறக்கப்பட்டபோது பழந்துணிகளைக் கக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கயிற்றால் தூக்கிவிட்ட எபெத்மெலேக்கு என்ற எத்தியோப்பியர் இருந்தார். கர்த்தரை நம்பினேன் என்று அவர் சொல்லும்போது அதற்குள் இந்த ஆட்களும் இருக்கிறார்கள்.

கடிதம் என்ன சொல்கிறது? வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள். தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள். பெண் கொண்டு, பெண் கொடுத்து, பிள்ளைகளைப் பெறுங்கள். அங்கே குறுகிப்போகாமல் பெருகுங்கள். உங்களை நான் அனுப்பின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள். அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும். அப்புறம், உங்கள் நடுவில் இருக்கிற தீர்க்கதரிசிகளும் குறிசொல்பவர்களும் உங்களை ஏமாற்ற விடாதேயுங்கள். அதற்கும் பிறகு பத்தாம் வசனம்: பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபின்புதான் உங்களைத் திரும்ப அழைத்துவருவேன். அதை ஒட்டித்தான் உங்கள் அட்டையில் இருக்கும் பதினோராம் வசனம் வருகிறது.

எழுபது வருஷம்! கடிதத்தைக் கையில் வாங்கிய முப்பது வயதுக்காரர் ஒருவருக்கு இதன் அர்த்தம், "நீ திரும்பப் போவதில்லை" என்பதுதான். உன் பேரப்பிள்ளை போகலாம். "எதிர்பார்த்திருக்கும் முடிவு" அந்த மனிதரின் ஆயுசுக்குள் முடிகிற கணக்கே இல்லை. எழுபது எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று வேத அறிஞர்கள் இரண்டு மூன்று விதமாகக் கணக்குப் போடுவார்கள். பாபிலோன் கை ஓங்கின கி.மு. 605-ஐ ஒட்டித் தொடங்கி, அது விழுந்த 539 வரை எடுத்தால் எழுபதுக்குக் கொஞ்சம் குறையும். ஆலயம் இடிந்த 586-லிருந்து அது திரும்பக் கட்டி முடிந்த 516 வரை எடுத்தால் சரியாக எழுபது. நம் கேள்விக்கு இது முக்கியமில்லை. இரண்டு வருஷம் அல்ல, ஒரு தலைமுறைக்கு மேல் என்பதுதான் அன்றைக்கு அவர்கள் காதில் விழுந்தது.

இந்தக் கடிதம் அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது என்றுகூட நினைக்காதீர்கள். பாபிலோனில் செமாயா என்று ஒருவர் இருந்தார். கடிதத்தைப் படித்துக் கொதித்துப்போய், எருசலேமில் ஆலயப் பொறுப்பில் இருந்த செப்பனியா ஆசாரியனுக்குப் பதில் எழுதினார்: இந்த மாதிரிப் பைத்தியக்காரர்களைத் தொழுமரத்தில் மாட்டுவது உன் வேலை, எரேமியாவை ஏன் கண்டிக்காமல் விட்டாய்? "இது நெடுங்காலமாக இருக்கும், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள்" என்று எங்களுக்கு எழுதியிருக்கிறானே! இன்றைக்கு நாம் பூப்போட்ட அட்டையில் அச்சடித்துக் கொடுக்கிற இந்தக் கடிதத்துக்கு வந்ததாக வேதாகமத்தில் பதிவாகியிருக்கிற ஒரே பதில் கடிதம் அந்தப் புகார்தான்.

சரி, அப்படியானால் பதினோராம் வசனம் பொய்யா? இல்லை. அது எப்படி நிறைவேறியது என்பதைப் பார்த்தால்தான் அது என்ன மாதிரி வாக்குத்தத்தம் என்று புரியும். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் வேதாகமத்துக்கு வெளியிலும் இதற்குத் தடயம் இருக்கிறது.

பாபிலோன் நகரத்தை 1899 முதல் 1917 வரை ராபர்ட் கோல்டேவே என்ற ஜெர்மானியர் தோண்டினார். அரண்மனைக் கட்டடம் ஒன்றில் கிடைத்த களிமண் பலகைகளில் சில, அரண்மனைக் கிடங்கிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்து கொடுத்தார்கள் என்ற கணக்கு. நம் ரேஷன் கடைப் பதிவேடு மாதிரி. 1939-ல் அவற்றை வெளியிட்டபோது தெரிந்தது, அந்தப் பட்டியலில் யூதாவின் ராஜா யோயாக்கீனும் அவருடைய ஐந்து மகன்களும் இருக்கிறார்கள். ஒரு பலகையின் வருஷம் கி.மு. 592, அதாவது ஊரைவிட்டுப் போய் ஐந்து வருஷம் ஆன சமயம். பதினெட்டு வயதில் சிறைப்பட்டுப்போனவருக்கு அதற்குள் ஐந்து மகன்கள் என்றால், அங்கே குடும்பம் வளர்ந்துகொண்டிருந்தது. மத்தேயு முதல் அதிகாரத்து வம்ச வரலாற்றில், "பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன பின்பு" எகொனியா சலாத்தியேலைப் பெற்றார், சலாத்தியேல் சொரொபாபேலைப் பெற்றார் என்று வரும். கிறிஸ்துமஸ் சமயத்தில் யாரும் வாசிக்க விரும்பாமல் தாண்டிப்போகிற பகுதி அது. திரும்பி வந்து ஆலயத்தைக் கட்டின தலைவர் அந்தச் சொரொபாபேல். இயேசுவின் வம்சம் பாபிலோனில் பிறந்த பிள்ளைகள் வழியாகத்தான் வருகிறது. "இங்கே எதற்குப் பிள்ளை பெறவேண்டும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர்கள் உட்கார்ந்திருந்தால் அந்த வரிசை அங்கேயே நின்றிருக்கும்.

எகொனியாவுக்கு என்ன ஆயிற்று? முப்பத்தேழு வருஷம் கழித்து, நேபுகாத்நேச்சார் செத்த பிறகு, அடுத்த ராஜா ஏவில்மெரொதாக் அவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்து, சிறை உடையை மாற்றி, தன் பந்தியில் உட்கார வைத்தார். இரண்டாம் இராஜாக்கள் புத்தகமே அந்தக் காட்சியோடுதான் முடிகிறது. அவர் ஊர் திரும்பினதாக எங்கும் இல்லை. ஐம்பத்தைந்து வயதில் நல்ல உடையும் சாப்பாடும் கிடைத்தது, அவ்வளவுதான். அவரை அழைத்துவருவதாக அனனியா சொன்ன இரண்டு வருஷம் அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

சாதாரண ஜனங்களைப் பற்றியும் பலகைகள் இருக்கின்றன. பழம்பொருள் சந்தை வழியாக வெளிவந்தவை, முறையான அகழாய்வில் கிடைத்தவை அல்ல. ஆகவே அவை எந்த மேட்டிலிருந்து வந்தன என்று சொல்லமுடியாது, அது ஒரு பெரிய இழப்பு. ஆனால் பலகைகள் உண்மையானவை, 2014-ல் நூலாகவும் வந்தன. பாபிலோன் நாட்டில் யூதர்கள் குடியிருந்த ஒரு கிராமத்துக்கு யூதா என்ற பெயரையே வைத்திருந்தது அவற்றில் தெரிகிறது. கி.மு. 572-லிருந்து சுமார் நூறு வருஷத்துக்கான ஒப்பந்தங்கள்: வாற்கோதுமை, பேரீச்சம்பழம், நிலக்குத்தகை, வரி, கடன், கல்யாணம், பாகப்பிரிவினை. ஆட்களின் பெயர்களில் கர்த்தருடைய நாமம் அப்படியே இருக்கிறது. கடிதத்தின் ஐந்தாம் ஆறாம் வசனங்களை அந்த ஜனங்கள் செய்துகாட்டினதற்கு அந்தப் பற்றுவரவுச் சீட்டுகள்தான் சாட்சி. விசுவாசத்தின் ஆதாரமாகக் குத்தகைச் சீட்டைக் காட்டுவது கொஞ்சம் விசித்திரம்தான், ஆனால் வேறெப்படி இருக்கமுடியும்?

எசேக்கியேலையும் பாருங்கள். 8-ம் அதிகாரம் முதல் வசனத்தில், "நான் என் வீட்டில் உட்கார்ந்திருக்கையில், யூதாவின் மூப்பர்கள் எனக்கு முன்பாக உட்கார்ந்திருந்தார்கள்" என்கிறார். அவருக்கு அங்கே வீடு இருக்கிறது. வந்து உட்கார ஆட்கள் இருக்கிறார்கள். தேவமகிமையின் தரிசனம் அவருக்கு முதலில் கிடைத்தது எருசலேம் ஆலயத்தில் அல்ல, கேபார் நதிக்கரையில். அது பாபிலோனியரின் ஒரு பாசன வாய்க்கால்.

பிறகு கி.மு. 539-ல் பெர்சிய ராஜா கோரேசு பாபிலோனைப் பிடித்தார். அடுத்த வருஷம் திரும்பிப்போக அனுமதி வந்தது. எஸ்றா 2-ம் அதிகாரம் போனவர்களை ஊர் ஊராகக் கணக்கெடுக்கிறது, மொத்தம் 42,360 பேர். பலர் போகவில்லை, பாபிலோனிலேயே தங்கிவிட்டார்கள். தானியேலும் போனதாகத் தெரியவில்லை. அவருடைய புத்தகத்தின் 9-ம் அதிகாரத்தில், வயதான காலத்தில் எரேமியாவின் எழுபது வருஷத்தைப் படித்துவிட்டு அவர் உபவாசமிருந்து ஜெபிக்கிறார். தனக்காக அல்ல, ஜனத்துக்காகவும் இடிந்துகிடக்கிற ஆலயத்துக்காகவும்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: அந்த வசனம் உங்களுக்கு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் அல்ல. "பழைய வேலை திரும்பக் கிடைக்கும், பழைய வீட்டுக்குப் போவோம்" என்ற உறுதி அதில் இல்லை. தம்முடைய ஜனத்தைக் கர்த்தர் கைவிட்டுவிடவில்லை, அவர்கள் இருக்கிற ஊரும் அவர் கைக்கு வெளியே இல்லை, அங்கேயும் அவரைத் தேடினால் கண்டுபிடிப்பார்கள் என்பது இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்றாம் வசனங்கள் அதைத்தான் சொல்கின்றன. அட்டையில் அதையும் போட்டிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். அந்த ஜனங்கள் சிறைப்பட்டுப்போனதற்குக் காரணம் தேசத்தின் பாவம் என்று எரேமியா ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்: விக்கிரக வணக்கம், ஏழைக்கு அநியாயம், விடுதலை பண்ணின அடிமைகளைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. இதை எடுத்து உங்கள் குடும்பத்துக்கு ஒட்டவைக்க யாராவது வரலாம்: "ஏதோ பாவம் இருக்கிறது, அதனால்தான் வேலை போயிற்று" என்று. அதே வேதாகமத்தில் யோபுவின் நண்பர்கள் அப்படித்தான் பேசினார்கள், கடைசியில் கர்த்தர் அவர்கள் மேல்தான் கோபப்பட்டார். பிறவிக்குருடனைப் பார்த்து "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு சொல்லிவிட்டார். கம்பெனி ஆட்குறைப்பு செய்ததற்கு ஆவிக்குரிய காரணம் தேடி ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது கேள்வியை இந்தக் கடிதம் நேராகவே தீர்த்துவைக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் சேருங்கள். இந்த வாரமே போய் விசாரியுங்கள். வருஷ நடுவில் சேர்ப்பதானால் மாற்றுச் சான்றிதழ் கேட்பார்கள், பழைய பள்ளியிலிருந்து அதை வாங்கிவிடுங்கள். சேர்த்தால் "இங்கேயே இருந்துவிடுவோம் என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும், அது அவிசுவாசம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வீடு கட்டச் சொன்னவர், திரும்ப அழைத்துவருவேன் என்று சொன்னவர், இரண்டு பேரும் ஒருவர்தான், ஒரே கடிதத்தில். அவருடைய கணக்கில் இரண்டும் மோதவில்லை. மூட்டையைக் கட்டியே வைத்திருப்பதுதான் விசுவாசம் என்று நினைத்தவர்கள் அனனியாவின் கட்சி. நாளைக்கு ஊரில் வேலை கிடைத்தால் மறுபடி ஒரு சான்றிதழ் வாங்கினால் போகிறது. பிள்ளைக்குப் போன ஒரு வருஷப் படிப்பு அப்படித் திரும்ப வராது.

எரேமியா சும்மா அறிவுரை எழுதிவிட்டுப் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 32-ம் அதிகாரம், கி.மு. 587-ஐ ஒட்டிய சமயம். எருசலேமைச் சுற்றிலும் கல்தேயர், அதாவது பாபிலோனியரின், சேனை. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அவருடைய தகப்பனின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள் என்கிறார். ஆனதோத்து எருசலேமுக்குப் பக்கத்தில்தான், ஒரு மணி நேரம் நடந்தால் போய்விடலாம், ஆனால் வழியெல்லாம் எதிரிப்படை. அந்த நேரத்தில் அந்த நிலத்தை விற்க நினைக்கிறவன் புத்திசாலி, வாங்குகிறவன்தான் முட்டாள். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளைக் கையெழுத்திடவைத்து, முத்திரை போட்டதும் திறந்ததுமான இரண்டு பிரதிகளையும் மண்பாண்டத்தில் வைக்கும்படி பாருக்கிடம் கொடுத்தார், நெடுநாள் கெடாமல் இருப்பதற்கு. "இனி இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும்" என்பது அவருக்கு வந்த வார்த்தை.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடப்பதுதான். பத்திரத்தைக் கொடுத்து முடித்தவுடன் எரேமியா ஜெபிக்க உட்கார்ந்து, கடவுளின் வல்லமையைப் பற்றியெல்லாம் நீளமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் மனதில் இருப்பதைப் போட்டு உடைக்கிறார்: பட்டணம் கல்தேயர் கையில் போகிறது, நீரே பார்க்கிறீர், அப்படியிருந்தும் நிலத்தைப் பணத்துக்கு வாங்கு என்கிறீரே! பணத்தைக் கொடுத்த பிறகுதான் சந்தேகம் வாய்விட்டு வருகிறது. சந்தேகம் தீர்ந்த பிறகு கீழ்ப்படியலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. கீழ்ப்படிந்துவிட்டேனே என்று சந்தேகத்தை மறைக்கவும் இல்லை.

அந்த நிலத்தில் எரேமியா ஒரு நாளும் உழவில்லை. நகரம் விழுந்தது. பாபிலோன் தளபதி நேபுசராதான், விருப்பமானால் என்னோடு பாபிலோனுக்கு வா, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அழைத்தும் அவர் போகாமல், மிச்சமிருந்த ஏழைகளோடு மிஸ்பாவில் தங்கினார். பிறகு நடந்த கலவரத்தில் ஜனங்கள் அவர் பேச்சைக் கேட்காமல் அவரையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போனார்கள். அவரைக் கடைசியாகப் பார்ப்பது அங்கேதான். ஆனால் நான் மேலே சொன்ன எஸ்றா 2-ம் அதிகாரத்துப் பட்டியலில், 23-ம் வசனத்தில், பாபிலோனிலிருந்து திரும்பி வந்த ஆனதோத்து ஊர்க்காரர்கள் 128 பேர் என்று ஒரு வரி இருக்கிறது. எண்களாகவே இருக்கிற அதிகாரம் என்று நாம் தள்ளிவிட்டுப் போவோம்.

உங்கள் மூன்றாவது கேள்வி, நம்புவது என்றால் என்ன செய்வது என்பது. இதுவரை சொன்னதிலேயே பாதி வந்துவிட்டது. மீதி இதுதான்: இருக்கிற ஊரின் நன்மையைத் தேடுங்கள். அவர்கள் ஜெபிக்கச் சொல்லப்பட்டது தங்கள் ஆலயத்தைக் கொள்ளையிட்டவர்களின் நகரத்துக்காக. அது சுலபமாக வந்திருக்காது. பாபிலோனை நினைத்துச் சபிக்கிற 137-ம் சங்கீதமும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது, அதையும் யாரும் வெட்டி எடுக்கவில்லை. உங்களுக்கு ஓசூர் எதிரி ஊர் அல்ல, வெறும் புது ஊர். பக்கத்து வீட்டுக்காரர்களோடு பழகுங்கள், அவர்கள் எந்த மதமானாலும் சரி. ஒரு சபையில் சேருங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. கணவரின் இப்போதைய வேலையை "தற்காலிகம்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதை நிறுத்திவிடுங்கள். அது அவர் காதில் வேறு மாதிரி விழும். நல்ல வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கட்டும், அதற்கும் இதற்கும் முரண்பாடு இல்லை.

சபையில் விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்களிடம், அந்த உபாகமப் பகுதியைக் காட்டியதற்கு மேல் வாதாட வேண்டாம். ஆமென் சொல்லிவிட்டு உங்கள் வழியே போங்கள், எரேமியா போன மாதிரி. தீர்க்கதரிசனம் நடக்கத் தனியாகக் காணிக்கை, விசேஷ உபவாசக் கட்டணம் என்று யாராவது கேட்டால் மட்டும் அங்கே திரும்பப் போகாதீர்கள். கைமாற்று வாங்கி எதுவும் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் கணவர். அவர் வாய்விட்டுக் கோபப்படுகிறார், "கடவுள் என்னை ஏமாற்றிவிட்டார்" என்று சொன்னார், அதைக் கேட்டுப் பயந்துபோனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை எரேமியா 15:18-ஐயும் 20-ம் அதிகாரத்தின் பின்பாதியையும் படிக்கச் சொல்லுங்கள். நீர் எனக்கு வற்றிப்போகிற தண்ணீரைப்போல இருப்பீரோ என்று கேட்டவரும், நான் பிறந்த நாள் சபிக்கப்படுவதாக என்று அழுதவரும், உங்கள் அட்டையில் இருக்கும் வசனத்தை எழுதினவரும் ஒரே ஆள். அந்தப் பேச்சுக்காகக் கர்த்தர் அவரை ஊழியத்திலிருந்து நீக்கவில்லை. 88-ம் சங்கீதமும் இருக்கிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை எங்கேயாவது துதியில் போய்த் திரும்பும். இது திரும்பாமல், சிநேகிதரும் தோழரும் தூரமாகிவிட்டார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. அதையும் ஜெபமாகத்தான் வைத்திருக்கிறார்கள். கடவுளோடு சண்டை போடுகிறவர் கடவுளை விட்டுப் போய்விட்டவர் அல்ல. பேசுவதையே நிறுத்திவிட்டால் அப்போது கவலைப்படலாம்.

அதற்காக அவரைக் கவனிக்காமல் விடச் சொல்லவில்லை. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று வாரக்கணக்கில் போனால், அது ஜெபத்தோடு மருத்துவரும் பார்க்கவேண்டிய விஷயம். அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவைக் கேட்டுப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி அவரை இழுக்காதீர்கள். அவர் வராத வாரங்களில் நீங்கள் பிள்ளைகளோடு போய்விட்டு வாருங்கள், மதியச் சாப்பாட்டின்போது பிரசங்கத்தைத் திருப்பிச் சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.